வயதின்மேல் ஏற்றிய பழி

சென்ற ஆண்டு அடைமழைக் காலத்தில் ஒருநாள் காலை, 74 வயது மூதாட்டி ஒருவரை அவருடைய மகள் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்தார். இருமலுக்காக அழைத்து வரவில்லை. “சாப்பாடே இறங்க மாட்டேங்குது டாக்டர். வளையல் முழங்கை வரைக்கும் ஏறுது, பாருங்க” என்று தாயின் கையை உயர்த்திக் காட்டினார். மகள் வீணாகக் கவலைப்படுகிறாள் என்பதுபோல் மூதாட்டி புன்னகைத்தார். “வயசாச்சுல்ல, இனிமே என்ன சதையா போடப் போகுது?” என்றார்.

எடைக்கருவி 43 கிலோ காட்டியது. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக எங்களிடம் வருபவர் அவர். பழைய கோப்பை எடுத்துப் பார்த்தோம். ஆறு மாதங்களுக்கு முன் 52 கிலோ; மூன்று மாதங்களுக்கு முன் 48 கிலோ. அந்த இரண்டாவது குறிப்பின் கீழ், ‘பசியின்மை, எடைக் குறைவு, முதுமை காரணமாக இருக்கலாம்’ என்று எங்கள் கையெழுத்திலேயே எழுதி, சத்து மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தோம். மார்பு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லவில்லை. இருமல் உண்டா என்று கேட்டதற்கான அடையாளமும் கோப்பில் இல்லை.

இம்முறை கேட்டோம். “விடியக்காலையில கொஞ்சம் இருக்கும், அப்புறம் சரியாயிடும்” என்றார். எத்தனை நாளாக என்றதற்கு, ஆடிப்பெருக்குக்கு முன்பிருந்தே என்று மகள் நினைவுகூர்ந்தார். காய்ச்சல் இருந்ததாக இருவருக்கும் நினைவில்லை. எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிழல் தெரிந்தது. சளியை மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்பினோம். மறுநாள் விடை வந்தது: காசநோய். முதன்மை மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை என்பது மட்டும் ஆறுதல்.

இதை எழுதத் தாயும் மகளும் இசைந்தார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம். எங்கள் தவற்றை மட்டும் தவிர்க்கவில்லை. முதியவர் இளைத்தால் வயது, இருமினால் வயது, சோர்ந்து படுத்தால் வயது என்று வீட்டார் சொல்வதை நாங்களும் நம்பிவிடுகிறோம். மக்கள் நீண்டநாள் வாழும் மாநிலத்தில் இந்தப் பழக்கத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது.

அறுபதாண்டு உறக்கம்

நோயின் பெயரைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: “நான் வீட்டை விட்டு எங்கேயும் போறதில்லையே, எனக்கு யாரு குடுத்தா?”

அவர் வீட்டிலிருந்தே பூக் கட்டுபவர். பூக்கடைக்காரர் உதிரிப் பூவைக் கொண்டுவந்து தருவார். முழக் கணக்கில் கூலி. வெளியே போவது கோவிலுக்கும் எங்களிடமும்தான். வீட்டில் மகள், மருமகன், மூன்று வயதுப் பேரன். மூவருக்கும் இருமல் இல்லை. பிறகு சிறுவயது பற்றிக் கேட்டோம். சிறிது நேரம் யோசித்துவிட்டுத் தாய்மாமனைப் பற்றிச் சொன்னார். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, தாய்மாமன் இருமிக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஓராண்டு படுத்திருந்தாராம். என்புருக்கி என்று ஊரில் சொன்னார்களாம். கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, அருகில் அமர்ந்து குடிக்க வைத்தவர் இவர்தான். மாமன் பிழைக்கவில்லை.

1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று ராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் உலகுக்கு அறிவித்த அந்தக் கிருமி, காற்றின் வழியே நுரையீரலை அடைகிறது. அடைந்த எல்லோரையும் அது நோயில் தள்ளுவதில்லை. நம் உடலின் வெள்ளணுக்கள் அதைச் சூழ்ந்து சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவிடுகின்றன. கிருமி சாவதில்லை, உறங்குகிறது. உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் இத்தகைய தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படும். மற்றவர்கள் அப்படி ஒன்று உள்ளே இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

முதுமையில் அந்தச் சுவர் தளர்கிறது. காவல் நிற்கும் வெள்ளணுக்களின் வேகமும் எண்ணிக்கையும் குறைகின்றன. அதனுடன் நீரிழிவு சேர்ந்தால் நோய் எழும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்காகிறது. பல்லும் பசியும் போய் உணவு சுருங்குவது, நீண்டகாலப் புகைப்பழக்கம், மூட்டு வாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய ஒவ்வொன்றும் சுவரில் ஒரு கல்லைப் பெயர்க்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகள் உறங்கிய கிருமி அப்போது விழிக்கிறது.

இந்த மூதாட்டியிடம் இருந்தது தாய்மாமனின் கிருமியேதான் என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. நம் நாட்டில் கோவில் நெரிசலிலும் திருமண மண்டபத்திலும் புதிதாகத் தொற்றுவதும் நிகழ்கிறது. ஆனால், வெளியே போகாதவருக்கு இந்த நோய் வராது என்னும் நம்பிக்கை தவறானது என்பதற்கு அந்தத் திண்ணையே போதும்.

ஒரு தலைமுறையைப் பின்தொடர்ந்தவர்

இதை எண்களால் காட்டியவர் அமெரிக்காவின் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் காசநோய் இறப்புப் பதிவுகளில் ஒரு புதிர் இருந்தது. 1880-இல் இளைஞர்களை அதிகம் கொன்ற நோய், 1930-இல் ஐம்பது வயதைக் கடந்தவர்களையே அதிகம் கொன்றது. நோயின் குணம் மாறிவிட்டதோ என்று பலரும் எண்ணினர். ஃபிராஸ்ட் வேறு விதமாகக் கணக்கிட்டார். ஒரே காலத்தில் பிறந்தவர்களை ஒரு கூட்டமாகக் கொண்டு, பத்தாண்டுக்கு ஒருமுறை அவர்களைப் பின்தொடர்ந்தார். அப்போது புதிர் அவிழ்ந்தது. 1930-இன் முதியவர்கள், காசநோய் எங்கும் பரவிக் கிடந்த காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள். இளமையில் அவர்கள் எதிர்கொண்ட ஆபத்து இதைவிடப் பெரிது; முதுமையில் வெளிப்பட்டது அதன் மிச்சம். 1938-இல் அவர் மறைந்தார். கட்டுரை மறு ஆண்டில் வெளிவந்தது.

ஜப்பானில் இதையே இன்று கண்ணெதிரே காணலாம். 1950 வரை அந்நாட்டில் இறப்புக்கான முதற் காரணமாகக் காசநோய் இருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைந்து, 2021-இல்தான் ஒரு லட்சம் பேருக்குப் பத்துக்கும் கீழே வந்தது. இன்று அங்கே புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் 70 வயதைக் கடந்தவர்கள். அந்தப் பழைய நாட்களில் மூச்சு விட்டவர்கள் இவர்கள்.

நம் நிலை இன்னும் சிக்கலானது. ஜப்பானில் இளையோரிடையே பரவல் பெரிதும் அடங்கிய பிறகே நாடு முதுமை எய்தியது. இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேர். 2021-க்கான மதிப்பீடு 13-ஐத் தாண்டியது. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஒரு லட்சம் பேருக்கு 316 பேரிடம் நுரையீரல் காசநோய் உறுதியானது. முதியோரில் அது 588.

அதே ஆய்வின் இன்னும் இரு செய்திகளை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் மருத்துவரிடம் செல்லவே இல்லை. காரணம் கேட்டபோது பெரும்பாலோர், அறிகுறியைப் பொருட்படுத்தவில்லை என்றனர். மற்றொன்று எங்களைப் போன்றவர்களுக்கானது. எக்ஸ்-ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் நம்பியிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேர் தப்பியிருப்பார்கள்.

மறைந்து வரும் அறிகுறிகள்

மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, இரத்தம் கலந்த சளி. திரைப்படங்களும் கதைகளும் காசநோயை இப்படித்தான் நமக்கு அறிமுகம் செய்தன. முதியவர் உடல் இந்த வழக்கத்துக்குக் கட்டுப்படுவதில்லை. காய்ச்சலை எழுப்பவும் உடலுக்கு ஆற்றல் வேண்டும். அது குறைந்தவருக்குக் காய்ச்சல் இலேசாக வந்து போகும், அல்லது வராமலே போகும். இரத்தம் துப்புவதும் இளையோரைவிடக் குறைவு. மாறாக எடை இறங்கும். பசி மங்கும். மாடிப்படியில் மூச்சு வாங்கும். காலையில் எழுந்து நாளிதழ் படிப்பவர் படிக்காமல் சுருண்டு படுத்திருப்பார். தண்டுவடத்தைத் தாக்கினால் தீராத முதுகுவலியாகவும், மூளை உறையைத் தாக்கினால் திடீர்க் குழப்பமாகவும் வரும்.

எக்ஸ்-ரேயும் ஏமாற்றக்கூடும். இளையோரிடம் நிழல் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் விழும். முதியோரிடம் கீழ்ப்பகுதியிலும் விழுகிறது. நிமோனியா என்றோ புற்றுநோய் என்றோ எண்ணத் தோன்றும். நிமோனியா என்று கருதி லெவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால் சில நாள் நலமாக இருக்கும், ஏனெனில் அது காசக்கிருமியையும் ஓரளவு அடக்கும். பிறகு இருமல் திரும்பும். அதற்குள் ஒரு மாதம் போய்விடும்.

ஆண்களைப் பற்றி ஒரு சொல். பரவல் ஆய்வில் ஆண்களிடமே நோய் அதிகம். எங்கள் பிரிவுக்கு வரும் முதிய ஆண்களின் இருமலுக்கு வீட்டார் வைத்திருக்கும் பெயர் பீடி இருமல். நாற்பதாண்டு பீடி பிடித்தவர் இருமாமல் வேறென்ன செய்வார் என்பார்கள். இருபதாண்டாக உள்ள இருமல்தான். ஆனால் கடந்த இரண்டு மாதத்தில் அதன் ஒலி மாறியிருக்கிறதா, சளி கூடியிருக்கிறதா, வேட்டியை முன்னைவிட இறுக்கிக் கட்ட வேண்டியிருக்கிறதா என்பதை உடன் இருப்பவரே அறிவார். மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நீங்களாகச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை முதியவரின் எடையைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வைப்பது எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததன்று.

சளி கொடுப்பது எளிதன்று. முதியவர்கள் பலர் எச்சிலைத் துப்பித் தருகிறார்கள். அதில் கிருமி அகப்படாது. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்றோ உட்கார்ந்தோ, இருமுறை ஆழமாக மூச்சிழுத்து, அடிவயிற்றிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளியே வேண்டும். அதற்கு வலுவில்லாதவர்களுக்கு உப்புநீர் ஆவி கொடுத்துச் சளியை வரவழைக்கும் வசதி உண்டு. ‘சளியே வரவில்லை’ என்று வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிவிடாதீர்கள், செவிலியரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை.

மாத்திரைகளின் கூட்டம்

காசநோய்க்கான மருந்து முதியவர்களையும் குணப்படுத்துகிறது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள், நாள்தோறும். எடைக்கு ஏற்ப மாத்திரை எண்ணிக்கை. 43 கிலோ உள்ள எங்கள் மூதாட்டிக்கு மூன்று. இடர் எங்கே வருகிறது என்றால், முதியவரின் மருந்துப் பெட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்பதில்.

ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டி மற்ற மருந்துகளை விரைவாக வெளியேற்றிவிடும் இயல்புடையது. நீரிழிவுக்கான கிளிமிபிரைடு, இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், ஸ்டீராய்டு ஆகியவற்றின் வேகம் இதனால் குறையும். இந்த மூதாட்டிக்கு இரண்டாம் வாரத்தில் சர்க்கரை ஏறியது. சில மாதங்களுக்கு இன்சுலினுக்கு மாற்றினோம். எனவே காசநோய் மருந்து தொடங்கும் நாளில், அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். சித்த மருந்து, கடையில் தாமே வாங்கிய வலி மாத்திரை உட்பட. சிகிச்சை முடியும்போதும் அவ்வாறே கொண்டுவர வேண்டும். கூட்டிய அளவுகளை அப்போது குறைத்தாக வேண்டும். இந்த இரண்டாவது வருகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும். அது மருந்தின் நிறம், இரத்தம் அன்று. அஞ்ச வேண்டியவை வேறு. வாந்தி நிற்காமல் வருவது, கண் மஞ்சளாவது, உணவைக் கண்டாலே வெறுப்பு ஆகியவை கல்லீரல் நலிவதன் அடையாளங்கள். முதுமையில், குறிப்பாகப் பைரசினமைடு சேர்ந்துள்ள முதல் இரண்டு மாதத்தில், இதற்கு வாய்ப்பு அதிகம். மிக முதியவர்களுக்கு அந்த ஒரு மருந்தைத் தவிர்த்து, சிகிச்சையை ஒன்பது மாதமாக நீட்டுவதும் உண்டு. அந்த முடிவை மருத்துவர் எடுக்க வேண்டும். வீட்டில் ஒரு மாத்திரையை மட்டும் பிரித்தெடுத்து எறிவது, கிருமிக்கு மருந்தை வெல்லக் கற்றுக்கொடுப்பதில் முடியும். கை கால் எரிச்சலுக்கு வைட்டமின் பி6 சேர்த்துத் தருகிறோம்.

எத்தாம்பியூட்டால் என்னும் மருந்து அரிதாகக் கண் நரம்பைத் தாக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடும். முதல் அடையாளம் சிவப்பும் பச்சையும் மங்குவது. முதியவர்களுக்குக் கண்புரை இருப்பதால், பார்வை மங்கியதைப் புரையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். இங்கும் பழி வயதின்மேல்தான். மருந்துக்கு முன்பே கண் பரிசோதனை செய்துகொள்வது அதனால்தான். எங்கள் செவிலியர் ஒருவர் இந்த மூதாட்டிக்குச் சொன்ன வழி, நாங்கள் எந்த நூலிலும் படித்ததில்லை. “பாட்டி, காலையில பூக் கட்ட உட்காரும்போது முதல்ல மரிக்கொழுந்தையும் செவ்வரளியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. என்னைக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியுதோ, அன்னைக்கே கிளம்பி வந்துடுங்க” என்றார். ஆறு மாதமும் நாள் தவறாமல் பார்த்தாராம்.

தட்டைத் தனியே வைத்தவர்

நோயைவிட அவரை வாட்டியது பேரன். மகள் வேலைக்குப் போனால் பிள்ளை இவர் மடியில்தான் வளர்ந்தான். இவர் ஊட்டினால்தான் உண்பான், இவர் பக்கத்தில்தான் உறங்குவான். நோய் உறுதியான அன்று மாலையே, யாரும் சொல்லாமல், தம் தட்டையும் குவளையையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். “அம்மாச்சி, அம்மாச்சி” என்று பிள்ளை கதவைத் தட்டி அழுதிருக்கிறான். இவர் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மகள் எங்களிடம் தனியே வந்து, “மருந்தும் சாப்பிட மாட்டேங்குறாங்க. ‘புள்ளைக்கு நானே எமனாயிட்டேன், நான் இருந்து என்ன’ங்குறாங்க” என்று சொல்லிக் கண்கலங்கினார்.

தட்டு, குவளை, துணி, படுக்கை இவற்றின் வழியே காசநோய் பரவாது. இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் மிதக்கும் நுண்துளிகளே பரப்புகின்றன. சரியான மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் பரப்பும் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை முகக்கவசம், திறந்த சன்னல், இருமும்போது வாயை மூடும் துணி, குழந்தைகளிடமிருந்து தனிப் படுக்கை ஆகியவை போதும். பின்கட்டில் சன்னல் இல்லாத அறையில் அடைந்து கிடப்பது, அவருக்கும் நல்லதன்று, கஞ்சி கொண்டுபோகிறவருக்கும் நல்லதன்று.

இதில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1928-இல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய காலத்தில், காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, நல்ல காற்றிலும் ஓய்விலும் வைப்பதே மருத்துவமாக இருந்தது. மருந்துகள் வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம் ஒன்று, நகரின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவர்கள் வீட்டிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு, இடமோ நெருக்கடி. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றனர். தொடர்ந்து கவனித்ததில், நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்று உலகம் ஏற்றுக்கொண்டது அந்த முடிவுக்குப் பிறகுதான். சேத்துப்பட்டில் அந்த மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது.

பேரனைப் பரிசோதித்தோம். நோய் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று விரைவில் நோயாக மாறக்கூடும் என்பதால், ஆறு மாதம் ஐசோனியசிட் தடுப்பு மருந்து தொடங்கினோம். மகளும் மருமகனும் எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டு, நோய் இல்லை என்று உறுதியான பின், வாரம் ஒருமுறையாகப் பன்னிரண்டு வாரத் தடுப்பு மருந்தை ஏற்றார்கள். அதன்பின் மூதாட்டியிடம் எங்கள் செவிலியர் பேசினார். அவர் சொன்னதில் அறிவுரை எதுவும் இல்லை. “உங்க பேரனும் தினம் ஒரு மாத்திரை சாப்பிடணும் பாட்டி. நீங்க சாப்பிட்டாத்தான் அவன் சாப்பிடுவான்” என்றார். அன்றிலிருந்து இருவரும் ஒரே நேரத்தில் மாத்திரை விழுங்கினார்கள். முதலில் சன்னலுக்கு இப்பால் ஒருவர், அப்பால் ஒருவராக. மூன்றாம் வாரம் சன்னலைத் திறந்து வைத்த கூடத்துக்குப் படுக்கையைக் கொண்டுவந்தார்.

முதல் இரண்டு மாதம்

காசநோயால் இறப்பவர்களில் பலர் மருந்து தொடங்கிய தொடக்க வாரங்களிலேயே இறக்கிறார்கள். தாமதமாக வருவதும் உடல் மிக மெலிந்து வருவதும் காரணங்கள். முதியோரிடம் இரண்டும் சேர்கின்றன. தமிழ்நாட்டில் 2022 முதல் நடைபெறும் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இதைக் கருதியே வந்தது. நோய் கண்டறிந்ததும், உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, இரத்த ஆக்சிஜன், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, நலிந்தவர்களை மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். ‘மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சில குடும்பத்தார் கேட்பார்கள். மேலே சொன்ன சென்னை ஆய்வு அவர்களுக்கு ஆதரவாகத் தோன்றலாம். எழுந்து நிற்க இயலாதவரையும் மூச்சுத் திணறுபவரையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சில நாள் சேர்க்கை அவர்களுக்கு உயிர்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விட இயலாது. சார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வு ஒன்றில், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் தானியமும் பருப்பும் கொடுத்தபோது, அக்குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறிய நோயாளிகளிடையே இறப்பும் குறைவாக இருந்தது. பல்லில்லாதவருக்கு, அதிலும் நீரிழிவு உள்ளவருக்கு, என்ன கொடுப்பது என்று கேட்பீர்கள். அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், குழைய வேகவைத்த பாசிப்பயறு, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, மோர் விட்ட கேழ்வரகுக் கூழ். ஒரே வேளையில் நிறைய வேண்டாம். ஐந்தாறு முறை சிறிது சிறிதாக. ஊட்டச்சத்துக்காக அரசு நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் செலுத்திவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். முதியவர் பலருக்குக் கணக்கு செயலற்றுக் கிடக்கும் அல்லது ஆதாருடன் இணைந்திராது. முதல் வாரத்திலேயே சரிபாருங்கள். ஐயங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666.

எங்கள் பிரிவில் சிறு மாற்றம் ஒன்று செய்திருக்கிறோம். 60 வயதைக் கடந்து, நீரிழிவுக்கோ வேறெதற்கோ வழக்கமாக வருபவரின் எடை முந்தைய வருகையைவிட இரண்டு கிலோ குறைந்திருந்தால், மருத்துவரிடம் செல்லுமுன் செவிலியரே எக்ஸ்-ரேக்கு அனுப்பிவிடுவார். கோப்பின் முகப்பில் எடைக்கென ஒரு கட்டம் வரைந்திருக்கிறோம். அதை நிரப்பாமல் யாரேனும் உங்களை உள்ளே அனுப்பினால், நிரப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மூதாட்டிக்குச் சித்திரையில் சிகிச்சை நிறைவுற்றது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. எடை 49 கிலோ. அதே வாரம் பேரனின் மாத்திரையும் முடிந்தது. வெற்று அட்டைகளை அவனே ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினான். நோய் மீண்டும் தலைகாட்டுகிறதா என்று பார்க்க இரண்டாண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்று சொல்லி, அடுத்த வருகைக்கு ஐப்பசியில் ஒரு நாள் குறித்தோம். மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் வேணாம் டாக்டர். பூவுக்கு ஆர்டர் நிறைய இருக்கும்” என்றார். தேதியை மாற்றி எழுதிக் கொடுத்தோம்.